பேர், நட்சத்திரம்

பொல்பிட்டியவில் நின்று பார்த்தால் வானம் கொஞ்சமாகத்தான் தெரியும். மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் ஒன்று சேர்ந்து களனி கங்கை என்று பெயர் பெறும் இடத்துக்கு அருகில், நாலு பக்கமும் மலை நெருக்கிய ஊர் அது. மேலே லக்சபான, நோட்டன், மஸ்கெலியா; கீழே கித்துள்கல. மலையில் இறங்கும் தண்ணீரைப் பிடித்து மின்சாரமாக்கும் நிலையங்களில் ஒன்று 1969 முதல் இங்கே இயங்குகிறது. ஊரின் பெயரை நாடு அறிந்திருப்பதும் பெரும்பாலும் அதனால்தான். தென்மேல் பருவமழை மே மாதம் பிடித்தால் செப்டெம்பர் வரை விட்டு விட்டுப் பெய்துகொண்டே இருக்கும். இலங்கையில் மிக அதிக மழை பெறுவது இந்த மேற்குச் சரிவு. மழை ஓய்ந்த இரவுகளிலும் பள்ளத்தாக்கின் மேல் மூடுபனி வந்து படிந்துவிடும்.

துருவ நட்சத்திரத்தையே எடுத்துக்கொள்வோம். இந்தப் பகுதி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 7 பாகையில் இருக்கிறது. ஓர் ஊரின் அட்சரேகை எத்தனை பாகையோ, அங்கே துருவ நட்சத்திரமும் அடிவானத்தில் இருந்து ஏறத்தாழ அத்தனை பாகை உயரத்தில்தான் நிற்கும். வடக்கே ஒரு கிலோமீற்றர் தள்ளி 125 மீற்றர் உயரத்தில் ஒரு குன்று இருந்தால் போதும், அது மறைந்துவிடும். பொல்பிட்டியவைச் சூழ்ந்து நிற்பவை அதைவிட மிக உயர்ந்த மலைகள். அந்தப் பள்ளத்தாக்கில் ஒருத்தி பிறந்து, கொழுந்து பறித்து, பேரப்பிள்ளை கண்டு, கண் மூடும்வரை துருவ நட்சத்திரத்தை ஒரு தரம்கூடப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

ஆனால் நட்சத்திரம் என்ற சொல்லை அவள் பேசாத மாதம் இருந்திருக்காது. கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டினால் குருக்கள் கேட்பது இரண்டே விவரம்: பேர், நட்சத்திரம். பிள்ளை பிறந்தால் முதலில் பார்ப்பது அது. பெண் சமைந்தால் அது. சம்பந்தம் பேச வந்தால் அது. சாவு விழுந்தாலும் அது. இந்த நட்சத்திரம் மேலே மினுக்கும் பொருளல்ல. ஒரு மனிதர் எப்போது பூமிக்கு வந்தார் என்பதைச் சொல்லும் குறிப்பு. மலையகத் தமிழருக்கு இது வெறும் சடங்குச் சொல்லாக இருந்ததில்லை என்பது என் எண்ணம். காகிதம் காட்ட முடியாததால் நாடற்றவராக்கப்பட்ட ஒரு மக்கள் கூட்டத்திடம், பிறப்பைப் பற்றிய துல்லியமான பதிவு ஒன்று தலைமுறை தலைமுறையாக வாயிலேயே இருந்தது. அதைப் பதிவென்று எந்த அலுவலகமும் எண்ணிப் பார்க்கவில்லை. நாமும் எண்ணிப் பார்க்கவில்லை.

தமிழில் ஒளிப்பொருளுக்கு வேறு சொற்கள் பழங்காலம் தொட்டே உண்டு. சங்க நூல்களில் அது மீன். தன் இடத்தில் நிற்பது நாண்மீன். இடம் மாறித் திரியும் கிரகம் கோண்மீன். கார்த்திகைக் கூட்டம் அறுமீன். கற்புக்கு அடையாளமாகச் சொல்லப்பட்ட அருந்ததி வடமீன். சிந்துவெளி முத்திரைகளில் திரும்பத் திரும்ப வரும் மீன் உருவத்தை ஹென்றி ஹீராஸ் பாதிரியார் மீன் என்ற இந்தத் தமிழ்ச் சொல்லைக் கொண்டே படிக்கப் பார்த்தார். பின்லாந்து அறிஞர் அஸ்கோ பர்போலா 1994இல் வெளியிட்ட நூலில் அந்தக் கருத்தை விரிவாக வளர்த்தார்: ஆறு கோட்டோடு வரும் மீன் அறுமீன், ஏழு கோட்டோடு வரும் மீன் எழுமீன் என்ற சப்தரிஷி மண்டலம். இருமொழிக் கல்வெட்டு ஒன்று கிடைக்கும்வரை இதை நிறுவ முடியாது. நான் இதை நம்பிக் கட்டுரை எழுத மாட்டேன், மறக்கவும் மாட்டேன்.

வடக்கிலும் கிழக்கிலும் ஈழத்தவர் வானத்தில் இருப்பதை வெள்ளி என்பார்கள். சுக்கிரனுக்கு மட்டும் உரிய பெயர் அங்கே எல்லா விண்மீனுக்கும் பொதுவாகிவிட்டது. வால்வெள்ளி என்ற சொல் அப்படி நிலைத்தது. இலங்கைப் பாடநூல்களோ உடு, உடுத்தொகுதி என்று எழுதுகின்றன. தோட்டப் பாடசாலையில் படிக்கும் பிள்ளை விஞ்ஞானப் பாடத்தில் உடு என்று படித்து, வீட்டில் தன்னுடைய நட்சத்திரம் உத்திரட்டாதி என்று சொல்லும். இரண்டும் ஒன்றென்று அதற்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. ஒரு வகையில் பிள்ளையின் புரிதல் சரிதான், இரண்டும் ஒன்றல்ல.

ஏனென்றால் பஞ்சாங்கத்து நட்சத்திரம் ஒரு புள்ளி அல்ல, ஓர் இடம். சந்திரன் வானத்தை ஒரு தரம் சுற்றிவர 27.3 நாள் எடுக்கிறது. அந்த வட்டத்தை 27 சம பங்காக்கினால் ஒரு பங்கு 13 பாகை 20 கலை. ஒவ்வொரு பங்கும் தன்னில் அல்லது தனக்கு அருகில் தெரியும் ஒரு விண்மீனின் பெயரைப் பெற்றிருக்கிறது. ரோகிணியில் ஆல்டிபரான், திருவாதிரையில் பீட்டல்ஜூஸ், மகத்தில் ரெகுலஸ், சித்திரையில் ஸ்பைகா, கேட்டையில் அன்டாரிஸ். பிள்ளை பிறந்த நொடியில் சந்திரன் எந்தப் பங்கில் நின்றதோ அது அந்தப் பிள்ளையின் நட்சத்திரம். ஒரு பங்கை நாலாக வெட்டினால் பாதம்; 27 நட்சத்திரத்துக்கு 108 பாதம். ஒவ்வொரு பாதத்துக்கும் ஓர் எழுத்து. அசுவினியின் நாலு பாதத்துக்கு சு, சே, சோ, ல. ரோகிணிக்கு ஒ, வ, வி, வு. பேர் வைக்கும்போது அந்த எழுத்தில் தொடங்கும் பேரைத் தேடுவார்கள். இதைத் திருப்பியும் போடலாம். நட்சத்திரம் தெரியாத ஒருவருக்குப் பேரின் முதல் எழுத்தைக் கொண்டே ஒன்றைத் தந்துவிடுவார்கள். அது நாம நட்சத்திரம். அதுவும் இல்லையென்றால் 'சாமி பேருக்கே பண்ணுங்க' என்று தட்டைக் கொடுத்துவிடலாம். விவரம் இல்லாதவர் என்று கோயில் யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. பின்னால் நான் சொல்லப்போகும் அலுவலகங்களுக்கும் கோயிலுக்கும் உள்ள வேறுபாடு அது.

சந்திரன் இன்று எந்தப் பங்கில் என்பதைத் தெரிந்துகொள்ள வானம் தேவையில்லை, கணக்கு போதும். அதனால்தான் மழையும் மூடுபனியும் மறைத்த பள்ளத்தாக்கிலும் நட்சத்திரம் தடையில்லாமல் வாழ்ந்தது. சந்திரன் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பூமிக்கு அருகே வரும்போது விரைந்தும் தள்ளிப் போகும்போது தாமதித்தும் நகர்கிறது. இந்த ஏற்ற இறக்கம் 248 நாளில் ஒன்பது சுற்று முடிந்து பழைய இடத்துக்குக் கிட்டத்தட்ட அப்படியே வந்து நிற்கும். ஆகவே 248 நாளுக்குரிய நிலைகளையும் 248 சிறு வாக்கியங்களில் எழுத்தெண்ணாக மறைத்து வைத்தார்கள். வரருசியின் பெயரால் வழங்கும் சந்திர வாக்கியங்கள் அவை. வாக்கிய பஞ்சாங்கம் என்ற பெயரே அங்கிருந்து வந்தது. மனப்பாடம் செய்தவருக்கு ஏடும் வேண்டாம், தொலைநோக்கியும் வேண்டாம்.

இந்தக் கணக்கின் வல்லமையை நேரில் கண்டு எழுதியவர் ஜான் வாரன். 1825இல் சென்னையில் வெளிவந்த 'கால சங்கலித' என்ற அவருடைய நூலில் புதுச்சேரித் தமிழ்ப் பஞ்சாங்கக் கணக்கர் ஒருவர் வருகிறார். தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாய்ப்பாடுகளைச் சொல்லிக்கொண்டே, அந்த ஆண்டு மே 31 இரவு நிகழவிருந்த சந்திர கிரகணத்தை அவர் கணித்துக் கொடுத்தார். தொடக்கம் 4 நிமிடமும் நடு 23 நிமிடமும் முடிவு 52 நிமிடமும் பிசகின. கணித வரலாற்றாசிரியர் ஓட்டோ நியூகபவர் 1952இல் இதை எடுத்து ஆராய்ந்து, பாபிலோனியக் கணக்கு முறைகளின் சுவடு பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழகத்தில் உயிரோடு இருந்ததைக் காட்டினார்.

அதே 1820களில்தான் கம்பளைப் பக்கம் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் திறந்தார். தமிழ்நாட்டில் இருந்து ஆள் திரட்டுவதும் தொடங்கியது. 1823ஐத் தொடக்கமாக வைத்து 2023இல் மலையகம் 200 என்று நினைவுகூர்ந்தோம். திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரைப் பக்கங்களில் இருந்து கடல் கடந்து, மன்னாரில் இருந்து காட்டு வழியே நடந்து வந்தவர்கள் கையில் கொண்டுவந்தது மிகக் குறைவு. தலையில் கொண்டுவந்ததில் இந்தக் காலக்கணக்கும் இருந்தது. எந்தப் பிள்ளை எந்த மாதம், எந்தக் கிழமை, எந்த நட்சத்திரம் என்பதை அப்பாயியும் அம்மாயியும் நினைவில் வைத்திருந்தார்கள். கோயிலில் பூசை வைப்பவரிடம் ஒரு பஞ்சாங்கம் இருந்தது. இன்று அது பெரும்பாலும் யாழ்ப்பாணத்தில் அச்சாகும் பஞ்சாங்கம். கொக்குவில் இரகுநாதையர் வாக்கிய பஞ்சாங்கத்தை அறியாத கோயில் இலங்கையில் குறைவு.

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் இந்த நட்சத்திரம் பட்ட பாடு தனிக் கதை. சாத்திர விதிகள் காணி, முற்றம், அறைகள் உள்ள வீட்டுக்காக எழுதப்பட்டவை. அவிட்டம் முதல் ரேவதி வரை உள்ள ஐந்து நட்சத்திரங்களில் ஒருவர் இறந்தால் ஆறு மாதம் அடைப்பு என்பார்கள். இறந்தவர் கிடந்த அறையைப் பூட்டி, விளக்கு மட்டும் வைக்க வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா ஒன்று, முன்னால் ஒரு சின்ன இஸ்தோப்பு. அதற்குள் மூன்று தலைமுறை படுத்து எழும்பும் குடும்பம் எந்த அறையைப் பூட்டும்? விதியைக் கைவிட மனம் வராது, கடைப்பிடிக்க இடம் இராது. குருக்களிடம் கேட்டு ஒரு பரிகாரம் செய்து, மறுநாள் காலை வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போவதைத் தவிர வழியில்லை. சாவு நேர்ந்த நட்சத்திரத்தின் பயத்தோடு அதே தரையில் பிள்ளைகளைப் படுக்க வைத்த தாய்மாரை நினைத்தால், வீட்டுப் பிரச்சினை என்று நாம் பேசுவது எவ்வளவு ஆழத்தில் ஓடுகிறது என்பது புரியும்.

கல்யாணத்தில் நட்சத்திரத்தின் கை இன்னும் நீளம். தினம், கணம், யோனி, ரஜ்ஜு என்று எண்ணும் பத்துப் பொருத்தமும் பெண், மாப்பிள்ளை இருவரின் நட்சத்திரத்தையும் அதற்குரிய ராசியையும் வைத்துப் பார்ப்பவை. அதில் ஓர் அழகும் உண்டு: சொத்தோ படிப்போ கேட்காமல், பிறந்த நேரத்தை மட்டும் கேட்கும் ஒரு கணக்கு. ஆனால் மூலத்தில் பிறந்தவள் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது, கேட்டை மூத்தவருக்கும் விசாகம் கொழுந்தனாருக்கும் ஆகாது என்ற பேச்சு பெண்ணைத்தான் அடிக்கிறது. 27இல் 4 என்றால் ஏறக்குறைய ஏழு பெண்களில் ஒருத்தி. பிறக்கும்போதே ஏழில் ஒருத்தியின் மேல் குற்றம் எழுதிவைக்கும் ஒரு பழக்கத்தை நான் பண்பாடு என்று சொல்லித் தடவிக்கொடுக்க மாட்டேன். 'ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்' என்ற பழமொழியைக் காப்பாற்ற, அது முதலில் 'ஆனி மூலம், பின் மூலம்' என்றுதான் இருந்தது என்பார்கள். இருந்திருக்கலாம். பிழை திருத்திச் சொன்ன பிறகும் மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போகத்தான் செய்கிறார்கள். தாய்மார் மகளின் மூலத்தைக் கேட்டை என்றோ பூராடம் என்றோ நகர்த்திச் சொன்னால் அந்தப் பொய்யை நான் குறை சொல்லத் துணிய மாட்டேன். அடுத்தடுத்த நட்சத்திரத்துக்கும் ஒரு குறை ஒட்டப்பட்டிருக்கிறது என்பதுதான் கொடுமை. பூராடத்துக்கு நூலாடாது என்ற பேச்சும் உண்டு.

கல்யாணத்தில் வானத்தையே பார்க்கச் சொல்லும் ஓர் இடமும் இருக்கிறது. அம்மி மிதித்த பின் மணமகன் மணமகளுக்கு அருந்ததி காட்டுவான். சப்தரிஷி மண்டலத்தின் வால் பகுதியில் வசிட்டரை ஒட்டித் தெரியும் சிறு மீன் அது. தை மாதத்தில் அந்தக் கூட்டம் நள்ளிரவுக்கு முன்பே வடகிழக்கில் எழுந்து விடியும் முன் உச்சி தாண்டிவிடும். காலை முகூர்த்தத்தில் குருக்கள் கை காட்டும் திசையில் வெளிச்சம் மட்டுமே இருக்கும். இருந்தாலும் புதுப்பெண் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பாள்.

பக்கத்துச் சிங்களக் கிராமத்துக்கு வந்தால் இதே சொல் வேறு வேலையில் இருக்கிறது. சமஸ்கிருத நட்சத்திரம் பாளியில் நக்கத்த ஆகி, சிங்களத்தில் நெகத என்று நிற்கிறது. அங்கே அதற்கு முதற்பொருள் நல்ல நேரம். சித்திரைப் புத்தாண்டில் அடுப்பு மூட்ட, முதல் கவளம் உண்ண, தலையில் எண்ணெய் வைக்க, வேலைக்குப் புறப்பட என்று அரசாங்கமே அறிவிக்கும் நேரங்கள் நெகத். எந்த வேலையும் செய்யாமல் இருக்கும் இடைவேளை நோனகத்த, அதாவது நட்சத்திரம் இல்லாத பொழுது. வானத்து ஒளிக்கு அவர்களிடம் தரு என்ற வேறு சொல் உண்டு. ஒளி ஒரு சொல்லாலும் காலம் இன்னொரு சொல்லாலும் பிரிந்து நிற்பது அங்கேயும் அப்படியே. வெசாக் என்பதும் வைகாசி என்பதும் விசாகம் என்ற ஒரே நட்சத்திரத்தின் பெயர். அதன் அருகே முழுநிலா வரும் மாதம் அது. எசலவும் ஆடியும் ஒரே ஆஷாடத்தின் இரண்டு உருவங்கள். களனி கங்கை ஓரம் வெசாக் கூடு தொங்கும் வாரத்தை ஒட்டியே மேலே தோட்டத்து முருகன் கோயிலில் வைகாசி விசாகமும் வரும். இரண்டு பக்கமும் ஒரே நிலவை ஒரே விண்மீன் அருகில் எண்ணிக்கொண்டு, வேறு வேறு நாட்காட்டி வைத்திருப்பதாக நினைத்து வாழ்கிறோம்.

கிறிஸ்தவ வீடுகளில் மார்கழிப் பனியில் தொங்கும் காகித நட்சத்திரத்தையும் சொல்ல வேண்டும். கிழக்கில் இருந்து வந்த ஞானிகளுக்கு வழி காட்டியதை புரட்டஸ்தாந்தர் கையில் இருக்கும் பழைய தமிழ் விவிலியம் நட்சத்திரம் என்கிறது. கத்தோலிக்கர் கையில் இருக்கும் 1995 பொது மொழிபெயர்ப்பு விண்மீன் என்கிறது. லயத்துப் பிள்ளைகளுக்கு அது ஸ்டார்தான்.

நடிகரை நட்சத்திரம் என்று சொல்வது சினிமாவோடு வந்த வழக்கு. அதற்கும் இந்த மலைக்கும் தொடர்பு இல்லாமல் இல்லை. பொல்பிட்டியவுக்குக் கீழே கித்துள்கலவில் களனி கங்கைக்குக் குறுக்கே மரப்பாலம் கட்டி, வெடிவைத்துத் தகர்த்துப் படமாக்கினார்கள். 1957இல் வெளிவந்த 'தி பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்'. அலெக் கின்னஸ், வில்லியம் ஹோல்டன் போன்ற உலக நட்சத்திரங்கள் இந்த ஆற்றங்கரையில் நடித்தார்கள். கின்னஸுக்கு அந்தப் படம் ஒஸ்கார் வாங்கித் தந்தது. மறுபக்கம் மலை ஏறி இறங்கினால் நாவலப்பிட்டி. 1917 ஜனவரி 17 அன்று எம்.ஜி.ஆர். பிறந்த ஊர். தமிழ் சினிமாவின் மிகப் பெரிய நட்சத்திரம் பிறந்த மண் இது என்பதை மலையக மக்கள் பெருமையோடு சொல்வது நியாயம். அவர் இங்கேயே வளர்ந்திருந்தால் 1948க்குப் பிறகு எந்தக் கட்டத்தில் நிறுத்தப்பட்டிருப்பார் என்ற கேள்வியும் எனக்குக் கூடவே வரும்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தகப்பனோ, பாட்டனும் பூட்டனுமோ இங்கே பிறந்ததற்குச் சான்று கேட்டது. அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், 1946 ஜனவரி 1க்கு முன் மணமானவர் ஏழு ஆண்டும் ஆகாதவர் பத்து ஆண்டும் தொடர்ந்து இங்கே வாழ்ந்ததைக் காட்டச் சொன்னது. 8 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. உரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. பிறகு 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். எஞ்சியோரின் கதை 2003 சட்டம்வரை இழுபட்டது. இத்தனை காலமும் மேசைக்கு அந்தப் பக்கத்தில் இருந்து வந்த கேள்வி ஒன்றே: பிறந்த திகதி என்ன, அத்தாட்சி எங்கே? பிறப்பை எழுதுவது தோட்ட நிர்வாகத்தின் கை வழியாக நடந்தது. பல பிறப்புகள் எழுதப்படவே இல்லை. எழுதப்பட்டவற்றில் தமிழ் தெரியாத எழுத்தர் கையில் பேர் உருமாறியது. வயது குத்துமதிப்பாக விழுந்தது.

அந்தக் கேள்விக்கு ஒரு மூதாட்டி எப்படிப் பதில் சொல்லியிருப்பார்? 'மாசி மாசம், காமன் எரிச்ச அஞ்சாம் நாளு, வெள்ளிக்கிழமை, சுவாதி.' எழுத்தர் இதைக் கேட்டுப் பேனாவை மூடியிருப்பார். திகதி தெரியாத கிழவி என்று எழுதியிருப்பார். ஆனால் இது பதில் இல்லாத பேச்சல்ல. ஒரு தமிழ் மாதத்தில் ஒரு நட்சத்திரம் ஒரு தரம்தான் வரும், எப்போதாவது இரண்டு தரம். மாதமும் நட்சத்திரமும் சொன்னால் அந்த ஆண்டில் ஒரு நாள் குறிக்கப்பட்டுவிடுகிறது. கிழமையையும் சேர்த்தால் ஏழு ஆண்டில் ஆறு ஆண்டு கழிந்து போகும். பிறந்தது 1925க்கும் 1935க்கும் நடுவில் என்று தெரிந்தால் பொருந்தும் நாட்கள் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான். 'மூத்தவன் நடந்த வருசம்', 'இந்தத் துரை வந்த வருசம்' என்ற அடுத்த சொல் அதையும் ஒன்றாக்கிவிடும். காமன் கூத்து மாசி அமாவாசையை அடுத்துக் கம்பு நட்டு, முழுநிலாவை ஒட்டி எரிப்பது. மாசி முழுநிலா மகத்தில் வரும். மகம் கழிந்து ஐந்தாவது சுவாதி. மூதாட்டி சொன்ன ஒவ்வொரு சொல்லும் மற்றதைச் சரிபார்க்கிறது. பதிவேட்டில் குத்துமதிப்பாக எழுதிய ஜனவரி முதலாம் திகதிக்கு அப்படி ஒரு சாட்சியும் இல்லை.

இந்த முறை நான் கண்டுபிடித்ததல்ல. வரலாற்றாசிரியர்கள் அரசர்களுக்கு இதைத்தான் செய்தார்கள். தென்னிந்தியக் கல்வெட்டுகளில் பல கிழமை, திதி, நட்சத்திரம் என்றே நாளைக் குறிக்கின்றன. சுவாமிக்கண்ணு பிள்ளை 1911இல் 'இந்தியன் குரோனாலஜி' நூலையும், 1922இல் கி.பி. 700 முதல் 1799 வரை ஒவ்வொரு நாளுக்குமான பெரும் அட்டவணைகளையும் வெளியிட்டார். அவற்றைக் கொண்டு சோழன், பாண்டியன் கல்வெட்டுகளுக்கு ஆங்கிலத் திகதி கண்டார்கள். அந்தக் கல்வெட்டுகளுக்கு முன்பே புறநானூற்றில், கூடலூர் கிழார் ஒரு பங்குனி இரவில் எந்த மீன் எங்கே நின்றது என்று வரிசையாகச் சொல்லி, ஒரு மீன் விழுந்த ஏழாம் நாள் சேர மன்னன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறந்ததைப் பாடியிருக்கிறார். இராசராசனின் சதயத்தைத் தஞ்சாவூர் இன்றும் ஐப்பசியில் கொண்டாடுகிறது; அவன் பிறந்த ஆங்கிலத் திகதியைக் கேட்பவர் யாருமில்லை. கல்லில் வெட்டியிருந்தால் நட்சத்திரம் சான்று, கொழுந்துக் கூடை சுமந்தவள் வாயால் சொன்னால் அறியாமை என்று இரண்டு நியாயம் இருக்க முடியாது.

நட்சத்திரம் சொல்லியிருந்தால் பிரசாவுரிமை கிடைத்திருக்கும் என்று நான் வாதிடவில்லை. அந்தச் சட்டங்களின் நோக்கம் சான்று தேடுவதாக இருக்கவில்லை. மலையக மக்களின் வாக்குரிமை பறிபோன வேகமே அதைக் காட்டும். நான் கேட்பது இன்றைய கேள்வி. குடும்ப வரலாறு எழுத முனையும் மலையக இளைஞர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். கப்பல் பட்டியல், தோட்டப் பதிவேடு, பழைய கடவுச்சீட்டு என்று தேடுகிறார்கள். அவற்றில் பாதி பிழையானவை, மீதி கிடைக்காதவை. வீட்டில் இருக்கும் எண்பது வயதுக்காரரிடம் பிறந்த நட்சத்திரம், கிழமை, மாதம், அந்த ஆண்டின் ஏதாவது ஒரு நிகழ்ச்சி என்று நாலு விடயத்தைக் கேட்டு எழுதிக்கொள்வோர் குறைவு. சி.வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாகப் பாடல்களைச் சேர்த்தார். பாட்டுக்குச் செய்ததைப் பிறப்புக்கும் செய்யலாம். இப்போது பிள்ளைகள் ஆசுபத்திரியில் பிறக்கிறார்கள். நிமிடம்வரை எழுதப்பட்ட நேரத்தைக் கைபேசியில் தட்டினால் நட்சத்திரம் வந்துவிடுகிறது. நினைவில் வைத்திருக்க வேண்டிய தேவையே இனி இல்லை. வைத்திருந்த தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது.

எழுதும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வாக்கியத்துக்கும், இன்றைய வானியல் கணக்கைக் கொண்ட திருக்கணிதத்துக்கும் ஒரு நட்சத்திரம் முடியும் நேரம் சில மணி வித்தியாசப்படும். நட்சத்திரம் மாறும் வேளையை ஒட்டிப் பிறந்தவருக்கு இரண்டு பஞ்சாங்கமும் இரண்டு நட்சத்திரம் காட்டக்கூடும். பழைய பிறப்புகளைப் பொறுத்தவரை வாக்கியத்தையே முதலில் வைத்துப் பார்ப்பது நல்லது. கோயிலில் எந்தப் பஞ்சாங்கம் இருந்தது என்று கேட்டு, தெரிந்தால் அதையும் குறித்துக்கொள்ள வேண்டும். கைபேசிச் செயலி காட்டும் விடை பெரும்பாலும் திருக்கணிதம். ஒரு நட்சத்திரம் முன்பின்னாக வந்தால் மூதாட்டி தவறாகச் சொல்லிவிட்டார் என்று முடிவு கட்டாமல், அந்தக் கிழமை பொருந்துகிறதா என்று முந்திய நாளையும் பிந்திய நாளையும் பார்க்க வேண்டும்.